எல்லாருக்கும் பிடிக்கிற நிறம்

பிப்ரவரி 11

அன்புள்ள சிட்டுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மற்ற உறுப்புகள் எல்லாம் ஒழுங்காக வேலைக்கு வருகின்றன.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று மாப்பிள்ளை மறுபடி சிரித்தால் சொல்: ஆஸ்பத்திரி போனுக்கு முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, 'எந்த வார்டு வேணும்?' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவளுக்கு, வீட்டிலும் ஒரு போனைக் காதில் வைக்கத் தெம்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எதிர்வீட்டுத் தையல்காரர் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். யாரோ ஒரு ஆள் தெருவில் நின்று நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "உள்ள யாராச்சும் குடியிருக்காங்களா, இல்ல பூட்டியே கிடக்கா?" என்று இவரிடம் விசாரித்துவிட்டுப் போனாராம். நான் அப்போது உள்ளே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆள் அகப்பட்டிருந்தால் அவரையும் சேர்த்து உரித்திருப்பேன்.

அப்புறம் நானே தெருவைத் தாண்டிப் போய் நின்று பார்த்தேன். அந்த ஆளைக் குறை சொல்ல முடியாது. கதவில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து தொங்குகிறது. நிலையின் ஓரம் வெறும் மரம் தெரிகிறது. அழைப்பு மணிக்குக் கீழே சுவரில் ஓதம் ஏறி, ஒரு ஆள் உயரத்துக்குக் கறை. செருப்பு அலமாரிக்கு ஒரு கால் இல்லை, செங்கல்தான் நிற்கிறது. தினம் இரண்டு முறை அதைத் தாண்டித்தான் போகிறேன், வருகிறேன். எப்படித்தான் கண்ணில் படாமல் இருந்ததோ.

இன்னும் பதினாலு மாதத்தில் எனக்கு ஓய்வு. அதற்குப் பிறகு காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் இருக்கப்போவது இந்த வீட்டில்தான். பூட்டிக் கிடக்கும் வீடு மாதிரி இருந்தால் எனக்கே மனசு விட்டுப்போகும். அதனால் வாசலுக்கு நானே பெயின்ட் அடிக்கப் போகிறேன். ஆள் வைத்துச் செய்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். பதிலைக் கேட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

மாப்பிள்ளை பட்டறைக்குக் கடன் வாங்கிய வருடம் என் பங்கையும் உன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன் அல்லவா? ஆகவே பத்திரப்படி வீட்டுக்காரி நீ. பணிவுடன் அனுமதி கேட்கிறேன்! அது வேடிக்கைக்கு. நிஜமான காரணம் அம்மாவின் சட்டம். இந்த வீட்டில் நம் இருவர் தலையும் ஆடாமல் ஒரு பக்கெட்கூட வாங்கியது கிடையாது. மூன்று அட்டைகளில் நிறம் பூசி, காய வைத்து அனுப்பியிருக்கிறேன். காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டு. எனக்குப் பிடித்தது கரும்பச்சை. நீ எதைச் சொன்னாலும் சரி, கரும்பச்சை என்று சொன்னால் இன்னும் சரி.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஏணியில் ஏறும்போது யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்.

வாசலுக்குப் பெயின்ட் அடிப்பது ரொம்ப நல்ல யோசனை. அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டு, "அக்காவே செய்யறாங்களா? பேஷா செய்யட்டும்" என்றார். என் பிறந்த வீட்டு விஷயத்தில் அவர் இவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் கேட்டதில்லை. பெயின்ட், பிரஷ் செலவு எங்களுடையது. உன் பிறந்தநாள் பரிசு என்று வைத்துக்கொள். மறுக்கக் கூடாது.

மூன்று அட்டைகளையும் ஜன்னலில் வைத்துப் பார்த்தோம். கரும்பச்சை அழகுதான். ஆனால் கொஞ்சம் கனமாக இருக்கிறது. அவர் என்ன சொல்கிறார் என்றால், வெளிர் நிறமாக இருந்தால் வாசல் பெரிதாகத் தெரியுமாம். தந்த நிறம் மாதிரி ஏதாவது. அது எல்லாருக்கும் பிடிக்கும்.

குட்டி, காலேஜ் போகிற அவசரத்திலும், பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
சிட்டு

*

மார்ச் 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் கடிதமும் பரிசும் வந்தன. முழங்கால் ஒத்தடத்துக்குக் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. குட்டிக்கு இருமல் நின்றதா? நீ எழுதவே இல்லை.

தந்த நிறமா! எல்லாருக்கும் பிடிக்கும் என்கிறாயே, யார் அந்த எல்லாரும்? இங்கே இருப்பது நான் ஒருத்தி. என்னைப் பார்க்க வருவது தையல்காரரும், பால் போடுகிறவரும், ஒரு பூனையும். பூனைக்கும் கரும்பச்சைதான் பிடித்திருக்கிறது. அந்த அட்டை காய்வதற்குள் அதன் மேல்தான் உட்கார்ந்தது.

சரி, உன் தலை ஆடாமல் நான் தொட மாட்டேன். தந்த நிறமே இருக்கட்டும். சின்ன வயதிலிருந்தே நீ உதட்டைப் பிதுக்கினால் நான் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் உன்னைக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

வேலை தொடங்கியாயிற்று. பெயின்ட் கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் வாயாடி. "பழைய பெயின்ட சுரண்டாம மேல அடிச்சீங்கன்னா மூணே மாசம், மறுபடி இங்கதான் வந்து நிப்பீங்க" என்று பயமுறுத்தி, நாலு வகை உப்புத்தாள் கட்டிக் கொடுத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். அரக்கு நிறத்துக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் சாம்பல். கடைசியில் மரம் தெரிந்தபோது எனக்கே கைதட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தலை முழுக்கத் தூள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் என் பக்கத்து நாற்காலிக்காரி, "என்னக்கா, ஒரே வாரத்துல இவ்வளவு நரைச்சிருச்சு?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். என் வாசலில் அவர் இவ்வளவு அக்கறை காட்டுவது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. மனிதர்கள் வயதாக ஆக நல்லவர்களாகிறார்கள் போல.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். இங்கே நலம். குட்டியின் இருமல் நின்றுவிட்டது. நீ நலமா?

இரண்டு மூன்று விஷயம். சுவரில் அப்பா பெயர்ப் பலகை இருக்கிறதே, அதைக் கழற்றிவிட்டுப் பட்டி பார்த்துவிட்டால் சுவர் சுத்தமாக இருக்கும். ஓதம் ஏறின இடத்தையும் பட்டி போட்டு மூடிவிடு. பெரிதாக எதுவும் வேண்டாம், மேலாகத் தெரியாமல் இருந்தால் போதும். செருப்பு அலமாரியைப் பின்பக்கம் தள்ளிவிடேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு. தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று, காலை வெயிலில். நீ படத்தில் நிற்க வேண்டாம், வாசல் மட்டும்.

உடம்பை ரொம்ப வருத்திக்கொள்ளாதே அக்கா. உண்மையாகவே சொல்கிறேன்.

அன்புடன்,
சிட்டு

*

ஏப்ரல் 16

அன்புள்ள சிட்டுவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? கடிதத்தில் உன் குரலே இல்லை. ஏதோ ஆபீஸிலிருந்து வந்த சுற்றறிக்கை மாதிரி இருந்தது. தூக்கம் சரியில்லையா? சொல்லித் தொலை.

நான் படத்தில் நிற்க வேண்டாமாம்! என் மூஞ்சியைப் பார்த்தால் பெயின்ட் உரிந்துவிடுமா?

முதலில் என் மானம் போன கதை. கதவுக்கு இரண்டாம் பூச்சு அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. அதே பூரிப்பில் சாயங்காலம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். காலையில் இழுத்தால் வரவில்லை. கதவும் நிலையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மரமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது. பின்பக்க வழியில் இறங்கிச் சுற்றி வந்து, குப்பைத் தொட்டி மேல் ஒரு கால், தெருப்பக்க மதில் மேல் ஒரு கால். அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். "என்னங்க, சொந்த வீட்டிலேயே திருட்டா?" என்கிறார். அப்புறம் அவர்தான் இடுக்கு நெடுகக் கத்தியை விட்டு இழுத்துத் திறந்து விட்டார். ஓரம் முழுக்கப் பிய்ந்துபோய், மறுபடி தேய்த்து மறுபடி அடித்தேன். பெயின்ட் கடைக்காரரிடம் சொன்னால் ஊர் முழுக்கச் சொல்வார் என்று அவரிடம் மூச்சுவிடவில்லை.

ஓதத்தை நீ சொன்ன மாதிரி மேலாக மூட எனக்கு மனசு வரவில்லை. மூடினால் அடுத்த மழைக்கு உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும், அப்போது இங்கே இருந்து அதைப் பார்க்கப்போவது யார்? செங்கல் தெரியும்வரை கொத்தி, பத்து நாள் காய விட்டு, வெளியே ஒழுகிய குழாயை மாற்றி, அதற்கப்புறம்தான் பட்டி பார்த்தேன்.

அப்பா பலகையைக் கழற்றும்போதுதான் கை கொஞ்சம் நின்றது. சுவருக்காகத்தானே என்று கழற்றினேன். துடைத்து மெருகு போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் முடிந்ததும் அதே இடத்தில் மாட்டிவிடுவேன். அதற்கு மட்டும் உன் தலையாட்டலைக் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உன் கடிதத்தைப் படித்துக் குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

போதும் அக்கா. செய்தது போதும். இதற்கு மேல் எதுவும் செய்யாதே. குழாயெல்லாம் ஏன் மாற்றினாய்?

உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். எழுத உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

படத்தை மட்டும் மறக்காமல் அனுப்பு. அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

சிட்டு

*

மே 19

அன்புள்ள சிட்டுவுக்கு,

முடிந்துவிட்டது! நான் சுகம், முழங்கால் சுகம், வாசல் மகா சுகம். நீங்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

படம் இதோடு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பையன் தன் கேமராவைக் கொண்டுவந்து, நீ கேட்ட மாதிரியே தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று எடுத்தான். நூறு எலும்பைப் படம் எடுத்தவன், வாசலை விட்டுவிடுவானா? பின்பக்கம் ஒரு வரி எழுதியிருக்கிறேன், பார்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். நீ சொன்ன நிறம்தான் சரி. காலையில் வெயில் பட்டால் பால் நுரை மாதிரி இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். வேலை முடிந்து வந்து, வாசலில் நாற்காலியைப் போட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தைந்து வருடமாக யார் யாருக்கோ இணைப்புக் கொடுத்துவிட்டு ஓடி வந்து சமையலறைக்குள் நுழைகிறவள், இப்போது என் வீட்டு வாசலில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இது என் வீடு என்று இத்தனை வருடத்தில் இவ்வளவு அழுத்தமாக எனக்குத் தோன்றியதே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்குக் கதவைத் தடவிக் கொடுத்தேன்.

ஓய்வு பெற்றதும் உள் அறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளப் போகிறேன். உன் அறைக்கு நிறம் நீ சொல். நீங்கள் லீவுக்கு வரும்போது தயாராக இருக்கும்.

அதென்ன பேச வேண்டிய விஷயம்? எழுத வரவில்லை என்றால் கட்டாயம் நல்ல விஷயம்தான். குட்டி யாரையாவது பார்த்து வைத்திருக்கிறாளா? பையன் எப்படி? எனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும், ஆமாம்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 22

அன்புள்ள சிட்டுவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாயிற்று, பதில் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? படம் கிடைத்ததா? எதுவாக இருந்தாலும் இரண்டு வரி எழுது. கவலையாக இருக்கிறது.

அக்கா

*

ஜூலை 3

சிட்டு,

படம் கிடைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ஒரு கணவன், மனைவி, கூட ஒரு தரகர். அந்தப் பெண் உள்ளே வருவதற்கு முன்பே கதவின் மேல் கை வைத்துப் பார்த்து, "நேர்ல இன்னும் நல்லா இருக்குங்க" என்றாள். கையில் ஒரு படம். நான் உனக்கு அனுப்பிய படம். நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். 'சிட்டு, எப்படி இருக்கு? நல்லா இல்லைன்னு மட்டும் சொல்லிப் பாரு' என்று என் கையெழுத்து.

"நாலஞ்சு வீடு பாத்தோம். இந்த வாசலப் பாத்ததும் வேற எதுவும் மனசுல நிக்கல. அட்வான்ஸ் குடுத்துட்டோம்" என்றாள் அவள். நல்ல பெண். சிரித்த முகம். தரகர் என்னைப் பார்த்து, "வாடகைக்கு இருக்கறவங்க இவங்கதான்" என்றார். "நீங்க ஆகஸ்ட் கடைசிக்குள்ள காலி பண்ணிடுவீங்கன்னு சொன்னாங்க. சிரமம் ஒண்ணும் இல்லையே?" என்று அவள் கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியும், சொன்னாங்க" என்றேன். என் தங்கை எனக்குச் சொல்லவில்லை என்று முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வேன்? தேநீர் போட்டுக் கொடுத்தேன். எல்லா அறையையும் சுற்றிக் காட்டினேன். அவள் கணவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, "ஓதம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "இல்லீங்க, குழாயோட மாத்தியாச்சு" என்று நானே சொன்னேன். என் வாயால் நானே வீட்டை விற்றுக் கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு அந்த நாற்காலியில் உட்காரவில்லை. உட்காரத் தோன்றவில்லை.

இது ஏதோ தவறு, தரகர் வீடு மாறி வந்துவிட்டார் என்று ஒரு வரி எழுது. நம்பிக்கொள்கிறேன்.

அக்கா

*

ஜூலை 17

என் அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை.

தவறு இல்லை அக்கா. உண்மைதான். அவருடைய பட்டறை போன வருடமே கையை விட்டுப் போய்விட்டது. வீட்டை விற்பது தவிர வேறு வழியில்லை என்றார். பிப்ரவரி தொடக்கத்தில் இரண்டு பேர் வந்து தெருவிலேயே நின்று பார்த்துவிட்டு, வெளியிலேயே இப்படி இருக்கிறதே என்று போய்விட்டார்கள். தையல்காரரிடம் விசாரித்த ஆள் அதில் ஒருவர். அதற்கு அடுத்த வாரம்தான் உன் அட்டைகள் வந்தன. அவர் அதைப் பார்த்து, "கடவுளாப் பாத்து அனுப்பினது" என்றார். நான் அட்டைகளை எடுத்து ஜன்னலில் வைத்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ குப்பைத் தொட்டி மேல் ஏறின கதையை எழுதியிருந்தாய். அதற்குப் பதிலாக இதை எப்படி எழுதுவேன்?

குடித்தனக்காரர் என்று சொன்னது அந்தத் தரகர். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். உன்னை அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வருமா?

நீ எங்களிடம் வந்துவிடு. குட்டியின் அறையில் உனக்கு ஒரு கட்டில் போட்டுவிடலாம். முன்னாடியே கேட்டிருந்தால் நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய். அது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்க முடியவில்லை. புரிந்துகொள் அக்கா.

உன்
சிட்டு

*

ஜூலை 30

சிட்டு,

நீ எழுதியதில் ஒரே ஒரு வரி உண்மை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். போன தடவை மாப்பிள்ளைக்கு நெருக்கடி வந்தபோது, நீ வாயைத் திறக்கும் முன்பே கையெழுத்துப் போட்டவள் நான். இந்தத் தடவையும், 'வீடு போகப் போகிறது அக்கா, வாசலை மட்டும் கொஞ்சம் பார்க்கிற மாதிரி செய்து கொடு' என்று நேராக எழுதியிருந்தால், இதே உப்புத்தாளை வாங்கி இதே மாதிரி தேய்த்திருப்பேன். அழுதுகொண்டே தேய்த்திருப்பேன், ஆனால் செய்திருப்பேன். அது உனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் நான் கொடுத்ததாக ஆகிவிடும், நன்றி சொல்ல வேண்டியிருக்கும். கேட்காமல் எடுத்துக்கொள்வதுதான் உனக்குச் சுலபமாக இருந்தது.

ஐந்து மாதம். அதில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை மண்டிபோட்டுத் தேய்த்தேன். நீ ஒரே கடிதத்தில் 'உடம்பை ரொம்ப வருத்திக்கொள்ளாதே' என்றும் எழுதினாய், பலகையைக் கழற்றவும் சொன்னாய். அப்பா பெயரை நான் என் கையாலேயே கழற்றினேன், சிட்டு. என்னையும் படத்தில் நிற்க வேண்டாம் என்றாய். நான் அதை வைத்து ஜோக் அடித்தேன்! பட்டறை போனதற்கு எனக்கு உன் மேல் கோபம் இல்லை. வீடு போவதுகூடப் போகட்டும், செங்கலும் மரமும்தான். என்னை இப்படி முட்டாளாக்கினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உன்னை நம்பினேன் என்று சொல்வதுகூடத் தப்பு. உன்னை நம்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் கையை நான் நம்புகிறேனா என்ன? அது பாட்டுக்கு இருக்கிறது.

குட்டி அறையில் கட்டில் வேண்டாம். அவள் நல்ல பிள்ளை, அவளிடம் என்னைப் பற்றித் தப்பாக எதுவும் சொல்லாதே.

வீட்டைத் துடைத்து, சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போவேன். எங்கே என்று கேட்காதே. எனக்கு எழுதாதே.

அக்கா என்று எழுதிப் பழகிய கை. இந்தத் தடவை எழுதவில்லை.

*

செப்டம்பர் 12

அக்கா,

இது நான்காவது கடிதம். ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதியது பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டது. உன் புது இடம் எனக்குத் தெரியாது. பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன். தபால்காரருக்கு உன்னைத் தெரியும், எப்படியாவது சேர்த்துவிடுவார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். நீதான் எடுத்தாய். "எந்த வார்டு வேணும்?" என்றாய். "அக்கா, நான்தான்" என்றேன். உன் மூச்சு எனக்குக் கேட்டது. அப்புறம், "வார்டு நம்பர் சொல்லுங்க, மத்தவங்க காத்துட்டு இருக்காங்க" என்றாய். 'சொல்லுங்க' என்றாய், அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ வைத்துவிட்டாய்.

திட்டியாவது ஒரு வரி எழுது. சாப்பிடுகிறாயா, முழங்கால் எப்படி இருக்கிறது, அது மட்டுமாவது.

சிட்டு

*

அக்டோபர் 5

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் கணவரும் மகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்களிடம் வீடு வாங்கியவர்கள் நாங்கள். இங்கே நாங்கள் நலம். வீடு எங்களுக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் வாசலைத்தான் பாராட்டுகிறார்கள்.

இங்கே முன்பு இருந்த அம்மாவின் பெயருக்கு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. உறையின் பின்னால் தங்கள் விலாசமும், பெயருக்குப் பக்கத்தில் 'தங்கை' என்றும் இருக்கிறது. எங்களுக்குக் குழப்பமாகிவிட்டது. பத்திரப் பதிவன்று அந்த அம்மாவைப் பற்றி நான் கேட்டபோது, "நல்ல குடித்தனக்காரங்க, தொந்தரவு குடுக்காம காலி பண்ணிடுவாங்க" என்று தாங்களே என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. தபால்காரரிடம் கேட்டுப் பார்த்தோம். அவருக்கும் அந்த அம்மா போன இடம் தெரியவில்லை.

சாவி வாங்கும்போது நானே அவரிடம், "உங்களுக்குக் கடிதம் ஏதாவது வந்தா எங்க அனுப்பணும்?" என்று கேட்டேன். "வராதும்மா. எனக்குக் கடிதம் போடற ஆளு யாரும் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே இவை அதே பெயருள்ள வேறு யாருக்கோ எழுதி விலாசம் மாறி இங்கே வந்தவையாக இருக்கும் என்று நினைத்து, ஒன்றையும் பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி